நாற்பது இரவுகளின் விலை

மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலே பருத்தி ஏலம் நடக்கும் நாளில் ஒருமுறை சென்று நின்று பாருங்கள், தோழர்களே! மூட்டைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். வெயிலிலே வெந்து விளைவித்த உழவர் ஒருபுறம் ஒதுங்கி நிற்பார். விலை குறிக்க வந்த வணிகர் மூட்டை மூட்டையாகப் பார்த்து நடப்பார். மூட்டையின் பருமனைக் கண்டு அவர் மயங்குவதில்லை. மேலே மலர்ந்து கிடக்கும் வெண்மையைக் கண்டும் ஏமாறுவதில்லை. முழங்கை வரை உள்ளே கையை விடுகிறார். நடுவிலிருந்து ஒரு பிடி எடுக்கிறார். விரல்களுக்கிடையே பிய்த்து இழையின் நீளத்தைக் காண்கிறார். ஈரம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார். அதன் பிறகுதான் சீட்டிலே விலை எழுதுகிறார். ஈரத்தால் கனத்த மூட்டைக்கும் இழையால் சிறந்த மூட்டைக்கும் வேறுபாடு அறியாதவர் அந்தத் தொழிலில் ஒரு பருவங்கூடத் தாங்க மாட்டார்.

பருத்தி வாங்குவதிலே இத்தனை விழிப்புக் காட்டும் நம் வட்டாரம், புத்தகம் தேர்ந்தெடுப்பதிலே எப்படி இருக்கிறது? மூட்டையின் கனத்தைப் பார்த்தே விலை எழுதிவிடுகிறோமோ என்ற ஐயம் நமக்கு எழுந்தது. எழுப்பியவர் ஒரு பேராசிரியர் அல்லர்; பனியன் கம்பெனியிலே செக்கிங் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண்.

நாம் ஆசிரியப் பணி ஏற்றுச் சில ஆண்டுகளே ஆகின்றன. நம்மிடம் படித்த அந்தப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வேலைக்குப் போய்விட்டாள். காலையிலே கம்பெனி வேன் வந்து ஏற்றிச் செல்லும். திரும்பி வீட்டு வாசலிலே கால் வைக்கும்போது இரவு ஒன்பதைத் தொட்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தாள். "சீக்கிரத்துல முடிஞ்சு போகாத கதைப் புத்தகமா ஒண்ணு குடுங்க சார்" என்றாள். நாம் மகிழ்ந்தோம். அலமாரியிலே கம்பீரமாக வீற்றிருந்த, பல பாகங்கள் கொண்ட ஓர் அரச கதையை எடுத்துக் கொடுத்தோம். பெரிய புத்தகம் கேட்டாள், பெரிய புத்தகம் கொடுத்தோம். கடமை முடிந்தது என்று எண்ணினோம்.

மாதங்கள் கழித்து, கடைசிப் பாகத்தோடு வந்தாள். "எப்படி இருந்தது?" என்றோம்.

"நல்லாத்தானுங்க சார் இருந்துச்சு. படிக்கப் படிக்க ஓடிருச்சுங்க. ஆனா இத்தன பேரு பட்டும் பீதாம்பரமுமா வர்றாங்களே, அதை நெஞ்சவங்க ஒருத்தருகூட வரலீங்களே?"

நமக்கு விடை கிடைக்கவில்லை. கிடைக்காதது மட்டுமா? நாணமும் வந்தது. அந்தப் பெண்ணுக்கு இரவிலே சோறு உண்டு, பாத்திரம் கழுவி, படுக்கும் முன் கிடைப்பது ஒரு மணி நேரம். மணிக்கு 25 பக்கம் என்று கணக்கிட்டால், ஆயிரம் பக்க நாவல் ஒன்றுக்கு 40 மணி நேரம். அதாவது 40 இரவுகள். தூக்கத்திலே கடன் வாங்கிய இரவுகள்! அவற்றை எந்த நூலுக்குச் செலவிடச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்க்காமலே எடுத்து நீட்டினோமே! அன்று முதல் நம்மை நாமே கேட்டு வந்த கேள்வி இது: தமிழிலே நெடுங்கதை ஏன் நெடிதாயிற்று? எந்த நீளம் இழையின் நீளம்? எந்த நீளம் ஈரத்தின் கனம்? இதற்கு விடை காண வேண்டுமானால் வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

தமிழின் முதல் நாவல் என்று நாம் குறிக்கும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் வெளிவந்தது. எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முன்சீப்பாக இருந்து நீதி வழங்கியவர். பெண் கல்விக்காகக் குரல் கொடுத்தவர். செய்யுளே இலக்கியம், உரைநடை அதற்கு எடுபிடி என்றிருந்த காலத்திலே, உரைநடையால் ஒரு முழுக் கதையைக் கட்டியது சாதாரணத் துணிவன்று. அவர் படைத்த ஞானாம்பாள் ஆணுடை தரித்து ஆட்சியும் நடத்துகிறாள். ஆயினும் அந்த நூல் நீண்டது எதனாலே? கதைக்குள் கதை, கதைக்குள் நீதி, நீதிக்குள் மற்றொரு கிளைக்கதை என்று அடுக்கிச் சென்றதாலே. மக்களுக்கு நல்லது சொல்ல வேண்டும் என்ற ஆர்வம் அவருடைய பக்கங்களைப் பெருக்கிற்று. இது நீளத்தின் முதற்காரணம்: அறிவுரை.

அடுத்து வந்தவர் இராஜமையர். 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' என்னும் மாத இதழிலே தொடராக வந்தது. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபதை ஒட்டியது. 1898-ல், 26 வயதில் மறைந்தும்விட்டார். கதையின் பிற்பகுதி வேதாந்தத்திலே கரைந்து போகிறது என்பது உண்மையே. ஆயினும் முற்பகுதியிலே ஒரு சிற்றூரின் பேச்சும், வம்பும், பொறாமையும், அன்பும் உயிரோடு நடமாடுகின்றன. அதே 1898-ல் அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' வெளிவரத் தொடங்கியது. குழந்தை மணத்தின் கொடுமையையும் கைம்பெண்ணின் துயரையும் எழுத அஞ்சாதவர் அவர். 1903-ல் வந்த அவருடைய 'முத்துமீனாக்ஷி' ஓர் இளம் விதவையின் கதை. இம்மூவரும் அரசு அலுவலிலோ ஆங்கிலக் கல்வியிலோ வளர்ந்தவர்கள். அவர்கள் கண்ட வீடும் வீதியும் நாவலுக்குள் வந்தன. அவர்கள் கால் படாத சேரியும் வயலும் தறிக்கூடமும் நாவலுக்கு வெளியே காத்துக்கிடந்தன.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் நாவல் வணிகப் பொருளாயிற்று. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் எழுதித் தள்ளினர். இரகசியம், கொலை, ஆள்மாறாட்டம், அடுத்த பாகத்திலே அவிழும் முடிச்சு! இங்கிலாந்திலே ரெய்னால்ட்ஸ் எழுதிக் குவித்த மர்மக் கதைகள் இங்கே வேட்டி கட்டி, தமிழ்ப் பெயர் சூடி உலவின. பாகம் பாகமாக வாங்கிப் படித்தனர் மக்கள். இதை நாம் முற்றிலும் இகழ்வதற்கில்லை. எழுத்துக் கூட்டிப் படித்த பல்லாயிரவருக்குச் சரளமாகப் படிக்கும் பழக்கத்தைக் கொடுத்தவை அந்தக் கதைகள்தாம். ஆனால் பழக்கம் கொடுத்ததே தவிர, பார்வை கொடுத்ததா என்றால் இல்லை.

பின்னர் வந்தது கிழமை இதழ்களின் காலம். 1926-ல் தோன்றிய 'ஆனந்த விகடன்', 1928-ல் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்தபின் வளர்ந்தது. அதிலே எழுதிப் புகழ்பெற்ற கல்கி கிருஷ்ணமூர்த்தி 1941-ல் தம் பெயரிலேயே இதழ் கண்டார். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', அதன்பின் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாரம் தவறாமல் வந்த 'பொன்னியின் செல்வன்'! ஐந்து பாகங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். மணியத்தின் ஓவியங்களோடு வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, வீடு வீடாக இரவல் கொடுத்துப் படித்தனர். அதன்பின் சாண்டில்யன், ஜெகசிற்பியன், அகிலன் என்று பலரும் வாள் உறையும் குதிரைக் குளம்புமாக வாரந்தோறும் வந்தனர்.

இங்கே நீளத்தின் இரண்டாம் காரணத்தைக் காண்கிறோம். அதுதான் 'தொடரும்' என்ற சொல். கதை முடிந்தால் இதழின் விற்பனை என்னாவது? ஆகவே ஒவ்வொரு வாரமும் ஒரு கதவு திறக்கும். திறந்த கதவுக்குப் பின்னே யார் என்பதை அடுத்த வாரம் சொல்வார்கள். இது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. பிரான்சிலே டூமா, நாளிதழ்களுக்கு வரிக்கு இவ்வளவு என்று கூலி பெற்று எழுதியவர். வரிக்குக் கூலி என்றால் வரிகள் பெருகாமல் என்ன செய்யும்?

ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிட வேண்டா. தொடராக வந்ததெல்லாம் பதர் என்றால், டால்ஸ்டாயையும் பதரென்று தள்ள வேண்டியிருக்கும். அவருடைய போர்க்கால நெடுங்கதையின் முற்பகுதி 1865 முதல் ஓர் இதழிலேதான் வந்தது, 1869-ல் முழுநூலாயிற்று. டி. எஸ். சொக்கலிங்கம் அதைத் தமிழிலே 'போரும் வாழ்வும்' என்று தந்திருக்கிறார். நெப்போலியன் படையெடுத்து வருகிறான், நாடே நடுங்குகிறது. ஆனால் ஆசிரியர் நெப்போலியனைக் கண்டு கைகட்டி நிற்கவில்லை. வரலாற்றை நடத்துகிறவர்கள் குதிரைமேல் அமர்ந்த ஒரு சிலரல்லர், பெயர் தெரியாத பல்லாயிரவர் என்று வாதிடுகிறார். அந்த வாதத்தை நிறுவ அவருக்கு ஆயிரம் பக்கம் வேண்டியிருந்தது. விக்தர் உய்கோ 1845-ல் எழுதத் தொடங்கிய கதை 1862-ல்தான் வெளிவந்தது. சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' ஆக்கினார். ரொட்டி திருடியவனைச் சட்டம் எத்தனை ஆண்டு துரத்தும் என்பதைக் காட்ட, அத்தனை ஆண்டுகளும் கதையிலே நடந்தாக வேண்டுமல்லவா? அங்கே நீளம் என்பது வாழ்க்கையின் நீளம். குற்றம் தொடரிலே இல்லை; எதைத் தொடர்கிறோம் என்பதிலே இருக்கிறது.

இனி நம் மாணவியின் கேள்விக்கு வருவோம். நெய்தவர் ஏன் வரவில்லை? "அரசர் காலத்து ஏழைகளைப் பற்றிச் சான்று இல்லை, ஆகவே எழுதவில்லை" என்று சிலர் சொல்லக்கூடும். சான்றா இல்லை? தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் பாருங்கள். 1010-ல் கோயிலை முடித்த முதலாம் இராசராசன், தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருத்தியின் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருச் சிறகிலே எத்தனையாவது வீடு என்பது வரை கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதும் இருக்கிறது. மன்னன் கட்டளையால் வெட்டிய கல்வெட்டே பெயர் சொல்லி வைத்திருக்கிறது! ஆனால் அந்தப் பெண்கள் சொந்த ஊரைப் பிரிந்தபோது அழுதார்களா, அவர்கள் தாய்மார் என்ன ஆனார்கள் என்று எத்தனை அரச கதைகள் நின்று கேட்டன? கல்வெட்டு மன்னனின் கணக்குப் புத்தகம். அதற்கு இதயம் இல்லையென்றால் வியப்பில்லை. கதைக்கு இருக்க வேண்டாவோ?

கல்கியைக் குறைத்துச் சொல்ல நாம் இதை எழுதவில்லை. அடுப்படியிலே இருந்த பெண்ணையும் படிக்க வைத்தது அவருடைய நடை. சோழர் வரலாற்றை ஆராய்ச்சி நூல்களிலிருந்து எடுத்து வந்து வீட்டுத் திண்ணையிலே வைத்ததும் அவர்தாம். இனிமைக்காகப் படிக்கட்டும், மறுப்பில்லை. ஆனால் அரண்மனைதான் வரலாறு என்று நம்பி, அதே வாசலிலே வாழ்நாளெல்லாம் நின்றுவிடக் கூடாது என்பதே நம் கவலை.

நீளத்துக்கு மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதுதான் நாம் தேடும் இழை. சொல்ல வந்த வாழ்வு பெரிது, அதைச் சுருக்கினால் பொய்யாகும் என்ற கட்டாயம்! இந்தக் கட்டாயத்தால் பிறந்த நூல்கள் தமிழிலே இருக்கின்றன. பலரும் அறியாமல் இருக்கின்றன.

1953-ல் சிதம்பர ரகுநாதன் 'பஞ்சும் பசியும்' எழுதினார். போருக்குப் பின் நூல் பதுக்கப்பட்டு, கறுப்புச் சந்தை கொழுத்து, கைத்தறி நெய்தவன் வயிறு காய்ந்த கதை அது. நெல்லைச் சீமையின் தறிக்குழியை முதன்முதலாக நாவலின் நடுவீட்டுக்குக் கொண்டுவந்த படைப்பு. 'ஏன் பசி?' என்ற கேள்விக்கு 'விதி' என்று விடை சொல்லாமல், நூல் எங்கே போயிற்று, யார் பூட்டி வைத்தார் என்று தேடச் சொன்ன படைப்பு.

ராஜம் கிருஷ்ணன் கல்லூரி வாசலை மிதிக்காதவர். ஆனால் ஒரு நாவலுக்காக உப்பளத்துக்கே சென்று, உழைப்பாளிகளோடு பேசி, கேட்டு, கண்டு எழுதியவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' 1979-ல் வந்தது. உணவிலே உப்பு குறைந்தால் முகம் சுளிக்கும் நமக்கு, அந்த உப்பை வாரியவள் காலிலே வெடித்த புண்ணை அந்நூல் காட்டுகிறது. அதற்கு முன்னரே நீலகிரியின் படகர் வாழ்வைக் 'குறிஞ்சித்தேன்' ஆக்கியவரும் அவரே.

2004-ல் ஜோ டி குருஸ் 'ஆழி சூழ் உலகு' தந்தார். கடற்கரைப் பரதவர் சமூகத்திலே பிறந்து, அந்த மக்களின் பேச்சிலேயே, கட்டுமரத்தில் சென்று கடலோடு போராடிய தலைமுறைகளை எழுதினார். 2009-ல் வந்த 'கொற்கை' ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. 2013-ல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. பூமணியின் 'அஞ்ஞாடி' 2012-ல் வந்தது. அதுவும் ஆயிரம் பக்கத்துக்கு மேல். கரிசல் நிலத்திலே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்த பல சாதிக் குடும்பங்கள் அதிலே உழுகின்றன, வெளுக்கின்றன, பனையேறுகின்றன, பஞ்சத்திலே சாகின்றன. 1895-ல் கழுகுமலையிலும் 1899-ல் சிவகாசியிலும் சாதியின் பேரால் சிந்திய இரத்தத்தையும் அது எழுதுகிறது. சாதி வெறி ஒரு நாளிலே முளைத்ததன்று, அடுத்த வீட்டிலே தண்ணீர் வாங்கிக் குடித்தவனையே வெட்ட வைக்கும் அளவுக்கு அது எப்படி மெல்ல மெல்ல வளர்கிறது என்பதை மேடையிலே ஒரு மணி நேரம் பேசி விளக்கிவிட முடியுமா? நாம் முயன்றிருக்கிறோம், முடிந்ததில்லை. அதற்குத் தலைமுறைகள் வேண்டும். தலைமுறைகளுக்குப் பக்கங்கள் வேண்டும்.

"வரலாற்று நூலும் அறிவியல் நூலும் இருக்க, பகுத்தறிவாளனுக்குக் கதை எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்வோம்: அரசிதழிலே உப்பு வரி இருக்கும், உப்புப் புண் இருக்காது. குடிக்கணக்கிலே சாதியின் எண்ணிக்கை இருக்கும். சாதியின் வலி இருக்காது. பிறர் வலியை அறியாத பகுத்தறிவு பாதி அறிவே.

எல்லாம் சரி, எந்த அளவுகோலால் அளப்பது? அந்த அளவுகோலைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை, மூலனூர்த் தோழர்களே! நம் தாராபுரம் வட்டாரத்துக் கீரனூரிலே 1917-ல் பிறந்த ஆர். சண்முகசுந்தரம், 1942-ல் 'நாகம்மாள்' எழுதினார். ஒரு மாலைப் பொழுதிலே படித்துவிடக்கூடிய சிறிய நாவல். கணவனை இழந்த உழவர் வீட்டுப் பெண் ஒருத்தி, நிலத்திலே தன் பங்கைக் கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்தக் கேள்வி ஒரு குடும்பத்தையே உலுக்கி, கொலையிலே போய் முடிகிறது.

அந்த ஆண்டின் பொருளை எண்ணிப் பாருங்கள். 1929-ல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 1937-ல் வந்த சட்டம், கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்திலே வாழ்நாள் வரையிலான உரிமை கொடுத்தது. ஆனால் அச்சட்டம் மாகாணங்களின் வேளாண் நிலத்துக்குச் செல்லாது என்று 1941-ல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிவிட்டது. அதற்கு மறு ஆண்டுதான் நாகம்மாள் கொங்கு நாட்டு மண்ணிலே நின்று "என் பங்கு எங்கே?" என்கிறாள்! பிறந்த மகளுக்குக் குடும்பச் சொத்திலே சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவர 1989 ஆயிற்று. சட்டமன்றம் விடை சொல்ல நாற்பத்தேழு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட கேள்வியை, நம் ஊர்க்காரர் ஒரு சிறு நூலிலே எழுப்பி வைத்தார். நாகம்மாளை அவர் தெய்வமாக்கவில்லை, பேயாகவும் ஆக்கவில்லை. ஆசையும் ஆத்திரமும் உள்ள பெண்ணாகவே நடமாட விட்டார். வங்கத்தின் விபூதிபூஷண் எழுதிய 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் இவரே என்பது நம்மிலே எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே நாம் சொல்வோம்: 'நாகம்மாள்' நம் கைவசம் இருக்கும் வள்ளம். தானியம் அளக்க வள்ளம் வைத்திருப்பது போல, கதை அளக்க அதை வைத்துக்கொள்வோம். நூற்றுச் சொச்சம் பக்கத்திலே அவர் இத்தனை தந்திருக்கிறார். ஆயிரம் பக்கம் கேட்டு வருகிறவர், அதற்குத் தக்க அளந்து போட வேண்டுமா, வேண்டாவா? பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000-ல் வந்தது. பண்ணைக்கு ஆடு மேய்க்கக் கட்டுப்பட்ட அருந்ததியச் சிறுவர்களின் கதை. நம் மேட்டுக்காடுகளையும் வேலிகளையும் அன்றாடம் கடந்து பள்ளிக்கு வரும் நமக்கு, அந்த வேலிக்கு அப்பால் ஆட்டுக்குப் பின்னே நடந்த பிள்ளை யார் என்று காட்டிற்று. வள்ளம் நிறைகிறது.

இன்னொரு பக்கமும் கூற வேண்டும். கூறாவிட்டால் நாம் நடுநிலை தவறியவராவோம். நம் கொள்கையைப் பேசுகிறது என்பதற்காகவே ஒரு நூலைத் தூக்கிவைத்து ஆடுவதும் தவறு. கதைமாந்தர் வாயிலே மேடைப் பேச்சைத் திணித்து, கெட்டவனைக் கடைசிப் பக்கத்திலே திருத்தி, நல்லவனுக்கு மாலை சூட்டி முடிக்கும் சீர்திருத்தக் கதைகளும் உண்டு. வேதநாயகம் பிள்ளை காலத்து அறிவுரைக் கனம் அது; நிறம் மாறினாலும் ஈரம் ஈரந்தான். தலைவிதி கதையை நடத்துவதை நாம் எள்ளி நகைக்கிறோம். கொள்கை வந்து கயிறு கட்டி மனிதரை இழுத்தாலும் அதே நகைப்புக்கு உரியதே.

இனி, எப்படித் தேடுவது? பருத்தி வணிகரின் வழியே போதும். முதற்பக்கத்தை மட்டும் படித்து மயங்காதீர்கள். அது மேலே கிடக்கும் வெண்மை. நடுவிலே திறந்து பத்துப் பக்கம் படியுங்கள். அங்கே யாராவது ஏதாவது ஒரு தொழில் செய்கிறார்களா? நிகழ்ச்சி ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்கிறதா, அல்லது சாபமும் சோதிடமும் எதிர்பாராச் சந்திப்புமே கதையை இழுத்துச் செல்கின்றனவா? யார் பேசுகிறார்கள், யார் பேச்சில்லாமல் பின்னே நிற்கிறார்கள்? அந்தப் பத்துப் பக்கத்தை எடுத்துவிட்டால் நூலுக்குக் குறை வருமா? இத்தனைக்கும் நல்ல விடை கிடைத்தால், நாற்பது இரவைத் துணிந்து கொடுங்கள். கிடைக்காவிட்டால் மூடி வையுங்கள். தொடங்கியதை முடித்தே தீர வேண்டும் என்பது நோன்புக்கு உரிய விதி, நூலுக்கு உரியதன்று.

நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்துத் தந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், 1931-லேயே நான்காம் விதியாக வைத்தது என்ன தெரியுமா? வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது! அவர் பாடுபட்டதன் பயனாக 1948-ல் சென்னை மாகாணப் பொதுநூலகச் சட்டம் வந்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர், திருப்பூரிலே பிறந்த அவிநாசிலிங்கம். வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆகவே நூலகம் நம் சொத்து. 'அஞ்ஞாடி' இல்லையா? கேளுங்கள். 'கரிப்பு மணிகள்' இல்லையா? எழுதிக் கொடுங்கள். ஒரு காலத்திலே தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்து, ஒருவர் படிக்கப் பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்ட மக்கள் நாம். படித்தவர் தாம் படித்த நூலுக்கு இரண்டு வரி எழுதி வைத்தால், அடுத்து வருபவருக்கு எத்தனை இரவுகள் மிச்சம்!

அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். நெய்தவரைத் தேடியவளுக்கு முதலில் 'பஞ்சும் பசியும்' கொடுத்தோம். அடுத்து, கடலையே காணாத அவளுக்கு 'ஆழி சூழ் உலகு' கொடுத்தோம். இம்முறை நாமும் முன்னரே படித்து, நடுவிலே கைவிட்டுப் பார்த்துத்தான் கொடுத்தோம். பரதவர் பேச்சு முதலிலே அவளைத் திணற அடித்தது, விடவில்லை. பிறகு ஒரு ஞாயிறு வந்தபோது சொன்னாள்: இரவிலே படித்ததை மறுநாள் காலை வேனிலே மற்றப் பெண்களுக்குச் சொல்கிறாளாம். ஒருநாள் களைப்பிலே படிக்காமல் உறங்கிவிட்டாள். "அப்பறம் அந்தக் கட்டுமரத்துல போனவிய என்னானாங்க?" என்று வேன் முழுதும் கேட்டதாம்.

"அவங்களுக்காகவாச்சும் தெனம் படிக்கோணும்ங்க சார்" என்றாள்.

ஒருத்தியின் நாற்பது இரவுகள், ஒரு வேன் நிறைந்த பெண்களின் நாற்பது காலைகளாக விளைந்துவிட்டன. நல்ல நூலுக்குக் கொடுத்த நேரம் இப்படித்தான் வட்டியோடு திரும்பும். ஆகவே தோழர்களே, பெரிய புத்தகம் கண்டு அஞ்சவும் வேண்டா; பெரிது என்பதற்காகவே பணியவும் வேண்டா. கையை உள்ளே விடுங்கள். இழையைப் பாருங்கள். பிறகு விலை எழுதுங்கள்!